பத்து மாதத்தில் செத்த டியூப்

2005 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் பாலாறு சோதனைச் சாவடியில் எங்கள் வேனை நிறுத்தினார்கள். பின்னால் சீரியல் செட் பெட்டிகள், டியூப் லைட் பட்டிகள், ஒயர் சுருள்கள். அதற்கு மேலே, இரண்டு பக்கமும் துணி அடைத்த ஐந்தடி பி.வி.சி. குழாய் ஒன்று. காவலர் குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல என்ன?"

"டியூப் லைட்டுங்க."

"டியூப் லைட்டைக் குழாய்க்குள்ள ஏன் வெச்சிருக்கே?"

"சிங்கப்பூர்ல இருந்து வந்ததுங்க."

அது போதவில்லை. துணியைப் பிடுங்கி, அப்பாவின் பழைய வேட்டியில் சுருட்டியிருந்த நான்கு டியூப்களையும் வெளியே எடுத்தேன். கண்ணாடி வழியாக வெள்ளைப் பவுடர்தான் தெரிந்தது. எல்லா டியூப்பும் அப்படித்தான் இருக்கும். எரிந்தால் நீலமாக எரியும் என்றேன். எதற்கு நீலம் என்றார். கடலில் இருக்கும் பவளத்துக்குப் போடுவது என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடலுக்குப் போய்ச் சேர ஒரு முழு நாள் ஆகும் இடம் அது.

"போங்க போங்க" என்றார்.

அப்பாவுக்கு மேட்டூருக்கு அடுத்த கொளத்தூரில் மைக் செட், லைட் செட் கடை. வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை மலைக்கு ஆர்டர் வரும். தீபாவளி அமாவாசை, சிவராத்திரி, யுகாதி. கோயில் வேலை பெரிய ஒப்பந்தக்காரர்களுக்குப் போய்விடும். எங்களுக்குக் கடைவீதி, சத்திரம், தண்ணீர்ப் பந்தல். மலை முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்தது, 1997இல்தான் சாமராஜநகர் தனி மாவட்டமானது. ஆனால் கடைவீதியில் பாதிப் பேர் எங்கள் பக்கத்துத் தமிழர்கள். சேலம், தருமபுரி, ஈரோடு என்று பக்தர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். "உகே மாதப்பா" என்று கன்னடத்தில் கூவிவிட்டு, அடுத்த மூச்சில் தமிழில் பொரி விலை கேட்பார்கள்.

1993 பாலாறு குண்டு வெடிப்புக்குப் பிறகு சில வருஷங்கள் அந்தச் சாவடியில் எங்கள் பெட்டிகளைக் கடைசி ஒயர் வரைக்கும் பிரிப்பார்கள். குற்றம் சொல்ல முடியாது. பேட்டரி, சுவிட்ச், சுருள் சுருளாக ஒயர் என்று அப்பாவின் பெட்டியைத் திறந்தால் எனக்கே பயமாக இருக்கும்.

அப்பாவுக்கு மெட்டல் ஹாலைடு விளக்கைக் கண்டால் ஆகாது. கோபுரத்துக்கு அடிக்கும் ஃபோகஸ் விளக்கு அது. கரன்ட் ஒரு நொடி போய் வந்தால் போதும், டியூப்பும் பல்பும் உடனே எரியும், அது மட்டும் எரியாது. சூடு இறங்கிப் பத்து நிமிஷம் ஆனால்தான் மறுபடி பிடிக்கும். மலையில் கரன்ட் போவது புதிதா? கடைவீதி முழுக்க ஜெகஜோதியாக இருக்க, கோபுரம் மட்டும் இருட்டில் நிற்கும். "சாமியை இருட்டுல விட்டுட்டுப் பொரி கடைக்கு வெளிச்சம்" என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார். சோக், இக்னிட்டர், கெப்பாசிட்டர் மூன்றையும் அவரிடம்தான் கற்றேன். அதே விளக்கை ஒரு மீன் தொட்டிக்கு மேல் மாட்டுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

2001இல் சிங்கப்பூர் போனேன், கட்டட எலக்ட்ரீஷியன் வேலைக்கு. எங்கள் சூப்பர்வைசர் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், எனக்கு அண்ணன். ஈசூனில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "லைட் ஒண்ணு எரிய மாட்டேங்குது தம்பி, வந்து பாரு லா" என்று கூப்பிட்டார். போனால் ஹாலில் நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி. மேலே கம்பியில் தொங்குவது இரண்டு 250 வாட் மெட்டல் ஹாலைடு. கூடவே இரண்டு நீல டியூப். இக்னிட்டர் போயிருந்தது. மாற்றினேன். விளக்கு முதலில் ஊதாவாக முனகி, பச்சையாகி, நாலைந்து நிமிஷத்தில் வெள்ளையாக விரிந்தது. அப்போதுதான் உள்ளே இருப்பதைப் பார்த்தேன்.

பவளம் என்றால் மோதிரத்தில் வைக்கும் சிவப்புக் கல் என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். இங்கே பச்சை விரல்கள் நீரோட்டத்தில் ஆடின. காளான் போல் ஒன்று, மூளை போல் ஒன்று, மான்கொம்பு போல் ஒன்று. எல்லாம் பிராணி என்றார் அண்ணன். நம்பாமல் சிரித்தேன். பிராணிதான், ஆனால் அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது, ஜூசாந்தெல்லே என்று பெயர், அது வெளிச்சத்தைச் சமைத்துப் போடுவதைத்தான் இது தின்கிறது, சில வகைகளுக்குச் சாப்பாட்டில் 90 சதவீதம் வரைக்கும் அந்தப் பாசி கொடுப்பது என்றார். பவளத்துக்கு விளக்குப் போடுவது அலங்காரமில்லை, சோறு போடுவது.

அண்ணன் வீட்டு விளக்கு வேலை அதற்குப் பிறகு என் பொறுப்பு ஆயிற்று. உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் கரன்ட் என்றால் சாதாரண வேலையில்லை. ஒயரை நேராகப் பிளக்குக்குக் கொண்டுபோகக் கூடாது, நடுவில் தொட்டில் மாதிரி தொங்கவிட வேண்டும். அப்போதுதான் வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. எர்த் லீக்கேஜ் பிரேக்கர் இல்லாமல் கையை உள்ளே விடவே கூடாது. இவையெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது வேறொன்று இருந்தது.

ஹாலைடு விளக்குக்கு அடியில் ஒரு கண்ணாடி உண்டு. தெறிக்கும் உப்பு நீர் அதன்மேல் காய்ந்து, வெள்ளைத் தோல் மாதிரி படியும். 2003இல் அண்ணன் வீட்டில் பெருநாள் விருந்து. விருந்தாளிகள் வருவதற்குள் தொட்டி பளிச்சென்று இருக்க வேண்டுமே என்று அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் கழுவினேன். கை நழுவிச் சிங்க்கில் உடைந்தது. அண்ணனிடம் சொல்லவில்லை. கண்ணாடி எதற்கு, கோபுர விளக்கில் மழைக்கும் பூச்சிக்கும்தானே போடுகிறார்கள், வீட்டுக்குள் மழையா பெய்கிறது? கண்ணாடி இல்லாமல் மாட்டிவிட்டேன். வெளிச்சம் அடித்துத் தூக்கியது. விருந்துக்கு வந்தவர்கள் தொட்டியை விட்டு நகரவில்லை. நான் ஓரமாக நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நாலாவது நாள் மான்கொம்பின் நுனிகள் வெளுத்தன. ஒரு வாரத்தில் அது முழுக்கச் சுண்ணாம்பு நிறம். விரல் பவளம் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு எலும்புக் கிண்ணமாக நின்றது.

அந்த வகை விளக்கின் வெளிக்கண்ணாடிதான் புற ஊதாக் கதிரை நிறுத்துவது. அதைக் கழற்றிவிட்டு மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு "எவ்வளவு வெளிச்சம்" என்று நான் மகிழ்ந்திருந்தபோது, பாசி அளவுக்கு மேல் சமைத்து, நஞ்சை உண்டாக்கி, பவளம் அதை வெளியே துப்பிக்கொண்டிருந்தது. பாசி போனால் நிறமும் போகும், சோறும் போகும். வெளுத்த பவளம் உடனே சாவதில்லை. பட்டினி கிடக்கிறது. வெளிச்சத்தைக் குறைத்தால் சில தேறும். மூளைப் பவளமும் காளானும் இரண்டு மாதத்தில் தேறின. மான்கொம்பின்மேல் பச்சை நூல் பாசி முளைத்துவிட்டது.

உண்மையைச் சொன்னேன். அண்ணன் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. செராங்கூன் நார்த்தில் மீன் கடை வைத்திருந்த ஒரு சீனரிடம் மீட்டர் ஒன்று கடன் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். "இனிமே கண்ணால பார்த்து லைட் போடாதே. இதால பாரு."

எங்கள் தொழிலில் லக்ஸ் மீட்டர் உண்டு, அதைத் தெரியும். அது மனிதக் கண்ணுக்காகச் செய்தது. நம் கண் பச்சையைத்தான் அதிகம் பார்க்கும். ஆழ்ந்த நீலத்தை அரைகுறையாகத்தான் பார்க்கும். லூமென் கணக்கும் அப்படியே. அதனால் நீல டியூப்புக்கு அடியில் லக்ஸ் மீட்டரை வைத்தால் விளக்கு எரிகிறதா என்றே சந்தேகம் வரும். ஆனால் கடல் நீர் சிவப்பை முதல் சில மீட்டரிலேயே குடித்துவிடும், ஆழத்துக்குப் போய்ச் சேர்வது நீலம். பவளத்துக்குள் இருக்கும் பாசி அந்த நீலத்தைச் சாப்பிட்டே பழகியது. அண்ணன் கொடுத்த மீட்டர் வெளிச்சத்தின் பளபளப்பை அளக்காது. ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை ஒளித்துகள் விழுகின்றன என்று மைக்ரோமோலில் எண்ணும். பார் மீட்டர் என்பார்கள்.

நீண்ட கம்பி, நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெள்ளை வட்டம். அதைத் தண்ணீரில் இறக்கியதை இப்போதும் கையில் உணர்கிறேன். விளக்குக்கு நேர் கீழே நீர்மட்டத்தில் 600ஐத் தாண்டியது. ஒரு சாண் பக்கமாக நகர்த்தினேன், பாதியாகிவிட்டது. என் கண்ணுக்கு இரண்டு இடமும் ஒரே வெளிச்சம். மணலில் வைத்தால் 90. பாறையின் நிழலில் 30. ஒரே தொட்டிக்குள் உச்சி வெயிலும் இருக்கிறது, புளியமரத்தடியும் இருக்கிறது. ஒரு தாளில் கட்டம் போட்டு அறுபது இடங்களில் எழுதிக்கொண்டேன். காளானுக்கும் பொத்தான் பவளத்துக்கும் 50லிருந்து 100 போதும். விரல் பவளத்துக்கு அதற்குக் கொஞ்சம் மேலே. மான்கொம்புக்கு 200, 300 வேண்டும். வெட்டவெளியில் நண்பகல் சூரியன் 2000 கொடுக்கிறது என்று கேட்டபோது, நாங்கள் 500 வாட்டை எரித்து மல்லுக்கட்டுவது எவ்வளவு அற்பம் என்று தோன்றியது. அதற்கும் மேலே சூடு. தண்ணீர் 26 டிகிரியில் இருக்க வேண்டும், சிங்கப்பூர் அறையே 30. விளக்கின் சூட்டை வெளியேற்றத் தனியாக ஒரு சில்லர் ஓடும், அதன் சூடு ஹாலுக்கு வரும், அதை இறக்க ஏசி ஓடும். அண்ணி கரன்ட் பில்லை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் போட்டு ஒட்டி வைத்திருப்பார். எதுவும் சொல்ல மாட்டார். ஒட்டி மட்டும் வைப்பார்.

விளக்கு வாங்கப் போகும்போது கடையில் கெல்வின் கணக்கு சொல்வார்கள். 6500 என்றால் வெயில் நிறம், பவளம் வேகமாக வளரும், ஆனால் தொட்டி மஞ்சளடித்துப் பழுப்பாகத் தெரியும். 20000 என்றால் ஆழ்கடல் நீலம், பச்சையும் ஆரஞ்சும் நெருப்பாக ஒளிரும். அப்போது பெரும்பாலோர் நடுவில் 10000ஐ வாங்கி, கூடவே இரண்டு நீல டியூப் சேர்த்துக்கொள்வார்கள். என் கருத்து, கெல்வின் என்பது சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்கான எண். அதைக் குறை சொல்லவும் மாட்டேன். காசு கொடுப்பவர் அவர்தானே.

அந்த நீல டியூப்கள்தான் என்னைப் படுத்தின. பத்து மாதம் ஆனால் மாற்றிவிட வேண்டும் என்பது விதி. உள்ளே பூசிய பவுடர் தேய்ந்து, கொடுக்க வேண்டிய நீலம் குறைந்துவிடும், வேண்டாத நூல் பாசிதான் வளரும் என்றார் அண்ணன். ஆனால் டியூப் நன்றாக எரிகிறது! ஓரம் கறுக்கவில்லை, மினுக்கவில்லை, ஸ்டார்ட்டர் போட்டதும் டக்கென்று பிடிக்கிறது. எரிகிற டியூப்பைக் குப்பையில் போட்டு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பழக்கமில்லை. ஊரில் அப்பா ஃபியூஸ் போன சீரியல் பல்பைக்கூட ஒவ்வொன்றாகக் கழற்றி, டெஸ்ட் லாம்ப்பில் தொட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் ஒதுக்குவார். அண்ணன் மாற்றச் சொன்ன டியூப்களை ஒன்றொன்றாக என் அறைக் கட்டிலுக்கு அடியில் சேர்த்தேன். 2005இல் லீவில் வரும்போது நான்கைக் குழாய்க்குள் போட்டுக் கொண்டுவந்தேன்.

அந்தக் கதை இருக்கட்டும். 2011இல் எனக்கும் குடும்பம் வந்துசேர்ந்து, வாடகை வீட்டில் இரண்டடித் தொட்டி ஒன்று வைத்தேன். அதற்குள் எல்.இ.டி. வந்துவிட்டது. சூடு குறைவு, நிறத்தைத் தனித்தனியாகக் கூட்டலாம் குறைக்கலாம், மின்சாரமும் பாதிதான். ஆனால் கண்ணை ஏமாற்றுவதில் எல்.இ.டி.யை மிஞ்ச ஆளில்லை. நீலத்தை மட்டும் எரியவிட்டால் மங்கலாகத் தெரியும், ஆனால் மீட்டரில் துள்ளும். மங்கலாக இருக்கிறதே என்று கூட்டிக் கூட்டிப் பவளத்தை வேகவைத்தவர்கள் பல பேர். நான் ஒருமுறை சூடு பட்டவன். தொட்டி மேல் கொசுவலையை நாலு மடிப்பாக விரித்து, நாலு நாளைக்கு ஒரு மடிப்பு என்று எடுத்தேன். "பெத்த புள்ளைக்கு வலை கட்டல, கல்லுக்கு வலை கட்டறீங்க" என்றாள் மனைவி. மறுநாள் போய்க் குழந்தைக்கும் ஒரு வலை வாங்கி வந்தேன்.

2013இல் தொட்டியை அண்ணனிடமே கொடுத்துவிட்டு ஊர் திரும்பினோம். ஆசை விடவில்லை. சென்னையில் வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர் போன இடமும் கொளத்தூர்தான். எந்த ஊர் என்று கடைக்காரர் கேட்க, நான் கொளத்தூர் என்று சொல்ல, எந்தத் தெரு என்று அவர் திரும்பக் கேட்க, ஐந்து நிமிஷம் அதிலேயே போயிற்று. கடல் தொட்டி விளக்குகள் விதவிதமாக மாட்டியிருந்தார். பவளத்தைப் பற்றிக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கல் பவளம் மட்டும் கேட்காதீர்கள் என்றார். 2001இலேயே கல் பவளம், கரும் பவளம், கடல் விசிறி எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். நான் விமானம் ஏறிய அதே வருஷம். புலியும் யானையும் இருக்கிற பட்டியல் அது. மாதப்பாவின் புலி வாகனமும் அண்ணன் வீட்டு மான்கொம்புப் பவளமும் ஒரே வரிசையில் என்பதை யோசித்துக்கொண்டே விளக்கு வாங்காமல் திரும்பினேன். வருத்தம் இருந்தது. சட்டத்தின் மேல் கோபம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது பிறகு இராமேசுவரம் போனபோது இன்னும் தெளிவாயிற்று. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 தீவுகள், 1986இலிருந்து கடல் தேசியப் பூங்கா, நூற்றுக்கு மேற்பட்ட கல் பவள வகைகள். அந்தப் பவளத்தைத்தான் பல காலம் வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அனுப்பினார்கள். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில், கூரையில்லாத தேவாலயச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். கற்களில் நெருக்கமாகக் குட்டிக் குட்டி நட்சத்திரக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு பிராணி உட்கார்ந்து வெயில் காய்ந்திருக்கிறது. உச்சி வெயில் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. 2000 மைக்ரோமோல் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. கடலுக்குள் உயிரோடு மிச்சமிருப்பவையும் 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிய கோடைகளில் வெளுத்தன. அங்கே கண்ணாடியைக் கழற்றியவன் யார் என்று ஒரு ஆளைக் காட்ட முடியாது. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002இலிருந்து பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலடியில் நட்டு வளர்க்கிறார்கள். விளக்குச் செலவு இல்லாத தொட்டி.

மலைக்குக் கொண்டுபோன டியூப்களை மறந்துவிட்டேன் பாருங்கள்.

கடைவீதியில் ஜிலேபிக் கடைக்காரர் ஒருவர், போன வருஷம் மாதிரி இல்லாமல் புதுசாக ஏதாவது போடுங்கள் என்று அப்பாவிடம் கேட்டிருந்தார். நான்கு நீல டியூப்களையும் சாதாரணப் பட்டியில் மாட்டினோம். அளவு ஒன்றுதான், சோக்கும் பிடித்தது. அமாவாசை இருட்டு, சாயங்காலம் மழை பெய்து விட்டிருந்தது. சுவிட்சைப் போட்டதும் கடை முன்னால் நின்றவர்களின் வெள்ளை வேட்டியெல்லாம் நிலா மாதிரி எரிந்தது. வெள்ளைச் சட்டைகள் ஆள் இல்லாமல் தனியாக மிதந்தன. பையன்கள் பல்லைக் காட்டிக்காட்டிச் சிரித்தார்கள், பல்லும் ஒளிர்ந்தது. கூட்டம் சேர்ந்துவிட்டது. "செத்துப்போன டியூப்புன்னு சொன்னியேடா?" என்றார் அப்பா. பவளத்துக்குத்தான் செத்தது, நம் கண்ணுக்கு உயிரோடு இருக்கிறது என்று பெரிய மனுஷன் போல விளக்கினேன்.

பாதி விளக்கத்தில் ஈசல் வந்தது. முதலில் ஒன்றிரண்டு. அப்புறம் மலையிலிருந்த மொத்தப் புற்றும் அந்த நான்கு டியூப்புக்காகவே காத்திருந்தது போல. பக்கத்துக் கடையின் மஞ்சள் குண்டு பல்பை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இறக்கை உதிர்த்து உதிர்த்துச் சர்க்கரைப் பாகு அண்டாவுக்குள் விழுந்தன. கடைக்காரர் கன்னடத்தில் கத்தியது முழுக்கப் புரியவில்லை, புரிந்த அளவே போதுமானதாக இருந்தது. அப்பா மெயினை இறக்கினார். அண்டாவைக் கவிழ்த்துக் கழுவி, பட்டியைக் கழற்றி, குண்டு பல்பு மாட்டி முடிக்க ஒன்பது மணி ஆயிற்று. அந்த வருஷக் கூலியில் பாகுக்கான காசைக் கழித்துக்கொண்டார்கள்.

டியூப்களைத் தூக்கிப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். அப்பா நான்கையும் துடைத்து மறுபடி வேட்டியில் சுருட்டிக் குழாய்க்குள் வைத்தார். கொளத்தூர் வந்து நாலாம் நாள் ராத்திரி மழை விட்டதும், கொல்லையில் கயிறு கட்டி ஒரே ஒரு டியூப்பைத் தொங்கவிட்டு, அடியில் அம்மாவின் பெரிய அலுமினியக் குண்டானில் தண்ணீர் நிரப்பி வைத்தார். ஒரு மணி நேரத்தில் குண்டான் ஈசலால் நிறைந்தது. அம்மா அதைத் துணியில் வடிகட்டி, காலையில் வெயிலில் காயப்போட்டு, முறத்தில் இறக்கை புடைத்து, அரிசியும் உப்பும் மிளகாயும் சேர்த்து வறுத்தாள். சூட்டோடு ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு அப்பா கேட்டார்.

"இன்னும் எத்தனை டியூப்புடா இருக்கு, அந்தக் கட்டிலுக்கு அடியில?"